கோலின் உயரமா, மனிதரின் உயரமா?

கோலூன்றித் தாண்டலின் கதை – 5

சென்ற அத்தியாயத்தில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துத் தாண்டுவீரர்களைப் பார்த்தோம். அல்வர்ஸ்டன் ஊர் டாம் ரேயும் அவர் வழி வந்தவர்களும் அடியில் இரும்பு முனை பொருத்திய கனமான மரக்கோலைத் தரையில் குத்தி நிறுத்தினார்கள். அது செங்குத்தாக நிற்கும் சில கணங்களுக்குள் கைமேல் கை மாற்றி ஏறி, உச்சியிலிருந்து குறுக்குக் கம்பைக் கடந்தார்கள். 1889-இல் அமெரிக்கா இந்த ஏற்றத்தைத் தடை செய்தது. தரையை விட்டு எழுந்தபின் கீழ்க்கையை மேல்கைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது என்று விதி வந்தது. ஏறும் வழி அடைபட்டதும் உயரம் வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஓட்டத்தின் வேகத்திலிருந்தும் உடலின் ஊசலாட்டத்திலிருந்தும் அதை எடுக்க அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள். பெயர் பழையதாகவே இருந்தது, விளையாட்டு புதிதாகிவிட்டது. அந்தப் புதிய விளையாட்டின் முதல் பெரிய தலைமுறையைச் சேர்ந்த ஒருவரை முன்வைத்து, இந்த விளையாட்டைத் தொடக்கம் முதல் இன்றுவரை விடாமல் துரத்திவரும் ஒரு கேள்விக்கு விடை தேடுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

அவர் பெயர் ஆல்ஃப்ரெட் கார்ல்டன் கில்பர்ட். 1884 பிப்ரவரி 15 அன்று ஆரிகன் மாநிலத்தின் சேலம் நகரில் பிறந்தவர். ஃபாரஸ்ட் குரோவ் ஊரிலுள்ள பசிஃபிக் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, நாட்டின் மறுகோடியான கனெக்டிகட்டுக்கு வந்து யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். படிப்புச் செலவுக்கு மேடையேறி மாயாஜாலம் செய்துகாட்டிச் சம்பாதித்தார். 1908 ஜூனில் 12 அடி 7¾ அங்குலம், அதாவது 3.85 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். அடுத்த மாதம் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றார். 1909-இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஒரு நாளும் மருத்துவத் தொழில் பார்க்கவில்லை. நியூஹேவனில் மாயாஜாலப் பெட்டிகள் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கி, 1913-இல் இரெக்டர் செட் என்ற கட்டுமான விளையாட்டுப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நம் வீடுகளில் மெக்கானோ என்ற பெயரில் அறிமுகமான பெட்டிக்கு அமெரிக்க உறவு என்று அதைச் சொல்லலாம். 1961-இல் அவர் இறந்தபோது அமெரிக்கா ஒரு பொம்மை உற்பத்தியாளராகவே அவரை நினைவுகூர்ந்தது. தாண்டுவீரர் கில்பர்ட் அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோனார். அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவர வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது.

காரணம் இதுதான். கோலூன்றித் தாண்டலில் எட்டப்படும் ஒவ்வொரு புதிய உயரத்தையும் பார்த்து, இது மனிதர் எட்டிய உயரமா, கோல் எட்டிய உயரமா என்று யாராவது கேட்பது வழக்கம். மூங்கில் வந்தபோது கேட்டார்கள், உலோகக் கோல் வந்தபோது கேட்டார்கள், கண்ணாடியிழைக் கோல் வந்தபோது உரக்கக் கேட்டார்கள். கேள்வியின் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: உடல் மட்டுமே விளையாட்டு, கருவி வெளியிலிருந்து வந்து கலந்த கலப்படம் என்பது. இந்த எண்ணம் தவறானது என்பது என் வாதம். தன் உடலுக்கும் கோலுக்கும் தரைக்கும் இடையே உள்ள உறவை அறிந்து திருத்திக்கொள்ளும் திறன், இந்த விளையாட்டில் ஓட்டத்தையும் தோள்வலிமையையும் போல வீரரின் சொந்தத் திறனே. கில்பர்ட்டின் தாண்டு வாழ்க்கை அதற்கு மிகத் தெளிவான சான்று. அவருக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவையும் உண்டு. அவற்றையும் எடைபோட்டே முடிவுக்கு வர வேண்டும்.

முதலில் உயரங்களை வரிசைப்படுத்துவோம். ஸ்டான்ஃபோர்டின் நார்மன் டோல் 1904-இல் 3.69 மீட்டர் தாண்டி, 12 அடியைக் கடந்த முதல்வர் ஆனார். 1905-இல் பிரான்ஸின் ஃபெர்னாந்த் கோந்தே 3.74. 1906-இல் லெராய் சாம்ஸ் 3.78. 1908 ஜூனில் கில்பர்ட் 3.85. அதே மாதத்திலேயே யேலின் இன்னொரு மாணவரான வால்டர் ட்ரே 3.90. 1910-இல் லேலண்ட் ஸ்காட் 3.93. 1912-இல், மீண்டும் ஒரு யேல் மாணவர், ராபர்ட் கார்ட்னர் 3.99 தாண்டி 13 அடியைக் கடந்தார். அதே ஆண்டு ஜூன் 8 அன்று மார்க் ரைட் 4.02 தாண்டி 4 மீட்டரைக் கடந்தார். உலக சாதனைகளை அங்கீகரிக்கும் சர்வதேச அமைப்பு 1912-இல்தான் உருவானது என்பதால் அதற்கு முந்தைய பட்டியல்கள் ஒன்றுக்கொன்று சிறிது மாறுபடும். ரைட்டின் தாண்டல்தான் அந்த அமைப்பு ஏற்ற முதல் சாதனை. ஆனால் பட்டியலின் போக்கில் ஐயமில்லை. எட்டு ஆண்டுகளில் 33 சென்டிமீட்டர், அதுவும் ஐந்தும் ஏழுமாக, சிறுசிறு படிகளில் கூடியிருக்கிறது. ஒரே ஒரு புதிய பொருள் வந்து உயரத்தைத் தூக்கிவிட்டிருந்தால் ஏதோ ஓர் ஆண்டில் பெரிய தாவல் தெரிந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. பலர் பல இடங்களில் ஒரே சிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக்கொண்டிருந்ததன் தடம் இது.

அந்தச் சிக்கல் என்ன? தாண்டுவீரர் ஓடிவரும் வேகத்தை உயரமாக மாற்றுவதுதான். கோலைச் சுமந்துகொண்டு நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஒருவர் ஓடிவருகிறார் என்று கொள்வோம். அந்த இயக்க ஆற்றல் சிறிதும் வீணாகாமல் உயரமாக மாறினால் அவர் உடலின் எடைமையம் ஏறத்தாழ 3.25 மீட்டர் மேலே எழும். ஓடும்போதே அது தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால், கணக்குப்படி 4.25 மீட்டரை எட்டலாம். நடைமுறையில் அவ்வளவு கிடைப்பதில்லை. பெரிய இழப்பு கோலை ஊன்றும் நொடியில் நேர்கிறது. கோல் தரையில் மோதி நிற்கும் அதிர்ச்சி தோள்களின் வழியாக வேகத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே அந்தத் தலைமுறையின் உழைப்பெல்லாம் அந்த ஒரு நொடியைச் சுற்றியே நடந்தது. கோல் எடை குறைந்ததாக இருந்தால் வேகமாக ஓடிவரலாம். சற்றே வளையக்கூடியதாக இருந்தால் அதிர்ச்சி குறையும். கனமான மரத்தின் இடத்தை மூங்கில் பிடித்தது இதனால்தான். அகலப் பிடித்த கைகளுடன் ஓடிவந்து, ஊன்றும் கணத்தில் கீழ்க்கையை மேல்கைவரை நகர்த்திச் சேர்த்துக்கொண்டால் உடல் முழுதும் கோலிலிருந்து தொங்கி ஊசலாட முடியும். தடுக்கப்பட்டது எழுந்தபின் ஏறுவதுதான். எழும் நொடியில் கையைச் சேர்ப்பதற்குத் தடையில்லை. மூன்றாவது, கோலின் அடி வழுக்காமல் நிற்க ஓர் இடம் தேவை. அமெரிக்கர்கள் தரையில் சிறு குழி தோண்டி அதில் ஊன்றினார்கள். பின்னாளில் அந்தக் குழி மரத்தால் சரிவாகச் செய்து பதித்த ஊன்றுபெட்டியாக மாறியது. பெட்டியை உருவாக்கியவர் என்ற பெருமையைப் பல நூல்கள் கில்பர்ட்டுக்கு அளிக்கின்றன.

இந்த மூன்றில் வெளிப்பார்வைக்கு மிக எளியது குழி. உண்மையில் மற்ற இரண்டுக்கும் அடிப்படை அதுதான். இரும்பு முனை கொண்ட கோல் தரையைக் கவ்வ வேண்டுமானால் அது செங்குத்துக்கு நெருக்கமாக, மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். ஏறித் தாண்டிய ஆங்கிலேயருக்கு அது பொருந்தியது. அவர்களுக்குத் தேவைப்பட்டது அசையாமல் நிற்கும் கோல். ஓட்டத்தின் வேகத்தை நம்பியவர்களுக்கோ கோல் தாழ்ந்த கோணத்தில் முன்னோக்கிப் பாய்ந்து, ஒரு தடுப்பில் முட்டி, அங்கிருந்து சுழன்று எழ வேண்டும். குழியின் பின்சுவர்தான் அந்தத் தடுப்பு. அது இருக்கிறது என்ற உறுதி இல்லாமல் யாரும் முழுவேகத்தில் ஓடிவரத் துணியமாட்டார்கள். ஊன்றும் இடத்தை நம்பியே கடைசி நான்கு அடிகளின் வேகம் இருக்கிறது. தரையில் ஒரு சாண் பள்ளத்தை அனுமதிப்பதா வேண்டாமா என்பது ஆகவே சின்னப் பிரச்சினை இல்லை. எந்த வகைத் தாண்டலை விளையாட்டு என்று ஏற்பது என்பதே அங்கே தீர்மானமாகிறது.

1908 ஜூலையில் லண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் மோதிக்கொண்டவை இந்த இரண்டு வகைத் தாண்டல்களே. ஊன்றுகுழி தோண்டக் கூடாது என்பது பிரிட்டிஷ் அதிகாரிகளின் நிலை. அது இல்லாமல் தாங்கள் பயின்ற தாண்டலையே செய்ய முடியாது என்பது அமெரிக்கர்களின் வாதம். அந்த ஒலிம்பிக் முழுவதும் இரு நாட்டு அதிகாரிகளும் முட்டிக்கொண்டே இருந்தார்கள். ஜூலை 17 அன்று கயிறு இழுக்கும் போட்டியில் லிவர்பூல் போலீஸ் அணி கனத்த பூட்ஸுடன் இறங்கியதை அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். அவை போலீஸார் வழக்கமாக அணியும் பூட்ஸ்தான் என்று சொல்லி எதிர்ப்பு தள்ளப்பட்டது. ஜூலை 23 அன்று 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் பிரிட்டனின் ஹால்ஸ்வெல்லை அமெரிக்கர் ஒருவர் மறித்ததாகக் கூறி ஓட்டம் செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஜூலை 25 அன்று மறு ஓட்டத்துக்கு அமெரிக்கர்கள் வர மறுக்க, ஹால்ஸ்வெல் தனியாக ஓடித் தங்கம் பெற்றார். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், ஜூலை 24 அன்று, கோலூன்றித் தாண்டலின் இறுதிப் போட்டி நடந்தது. குழி பற்றிய சர்ச்சையை இந்தப் பகைமையிலிருந்து பிரித்துப் படித்தால் தவறாகப் புரிந்துகொள்வோம்.

பிரிட்டிஷ் தரப்பின் வாதத்தை அதற்குரிய வலிமையோடு எடுத்துவைப்பது நேர்மை. அவர்கள் நாட்டில் அந்தப் போட்டிக்கு ஒரு மரபு இருந்தது. தரை எல்லோருக்கும் ஒன்றே. அதை ஒரு சாராரின் வசதிக்காகத் தோண்டினால் தரையே துணைக்கருவியாகிவிடுகிறது. வந்த விருந்தாளிகள் விருந்தளிப்பவரின் விதியை ஏற்க வேண்டும் என்பதும் நியாயமான எதிர்பார்ப்பே. சொந்த நாட்டவருக்குச் சாதகமாக விதி செய்தார்கள் என்று குற்றம் சாட்டுவதற்கும் இடமில்லை. பதக்கம் பெற்ற ஐவரில் ஒரு பிரிட்டிஷ்காரர் கூட இல்லை. ஆனாலும் இந்த வாதத்தின் அச்சாணி ஓரிடத்தில் கழன்றுவிடுகிறது. குழி துணைக்கருவி என்றால் கோலின் அடியிலுள்ள இரும்பு முனை என்ன? இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: கோலைத் தரையில் நிலைநிறுத்துகின்றன. ஒன்றை இயல்பென்றும் மற்றதைக் கலப்படமென்றும் சொல்லவைத்தது பழக்கம் மட்டுமே. ஒரு வாரம் முன்பு பூட்ஸ் விஷயத்தில் அமெரிக்கர்கள் செய்ததும் இதே தவறுதான். தான் பழகிய கருவி கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிராளியின் கருவி உறுத்துகிறது. இரு தரப்பும் மாறிமாறி இடம் மாற்றிக்கொண்ட அந்த ஒரு வாரமே, கருவி கலக்காத தூய விளையாட்டு என்று ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு எதிரான நல்ல சாட்சியம்.

இந்தச் சர்ச்சையால் கில்பர்ட் உயரத்தை இழந்தார் என்று அவர் மீது பரிவுள்ளவர்கள் சொல்வதுண்டு. ஜூனில் 3.85 தாண்டியவர் லண்டனில் 3.71 தான் தாண்டினார். 14 சென்டிமீட்டர் குறைவு. இது தூண்டும் முடிவு எளியது, ஆனால் போதிய பலமில்லாதது. ஒலிம்பிக்கில் வென்ற உயரம் அன்றைய சாதனைக்குக் கீழே இருப்பது சாதாரணம். 1912-இல் ஸ்டாக்ஹோமில் ஹாரி பாப்காக் 3.95 தாண்டி வென்றார், சாதனை 4.02. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் வென்ற உயரம் 4.20, சாதனை 4.30. நீண்ட பயணம், புதிய மைதானம், ஒரே நாளின் நிர்பந்தம் எல்லாம் சேர்ந்து பத்து சென்டிமீட்டரைக் கரைத்துவிடும். லண்டன் குறைவில் ஊன்றும் இடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க அந்த எண்களால் முடியாது. ஆகவே இந்த வாதத்தை நான் கைவிடுகிறேன். என் கருத்துக்கு இதன் துணை தேவையில்லை. வாதம் பலமாக இருக்கும்போது பலவீனமான சான்றைச் சேர்ப்பது அதற்குக் கெடுதலே செய்யும்.

அந்தத் தங்கம் முழுமையானதா என்ற கேள்வியும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் குக்கும் கில்பர்ட்டும் 3.71 மீட்டரில் சமமாக நின்றார்கள். அன்று அதே அரங்கில்தான் மாரத்தான் முடிந்தது. இத்தாலியின் டொரான்டோ பியேத்ரி தள்ளாடி விழுந்து, அதிகாரிகள் தாங்கிப் பிடிக்க எல்லையைக் கடந்து, பின்பு தகுதி இழந்தது அந்த மாலையில்தான். அரங்கின் கவனமும் நேரமும் அங்கே போய்விட, சமநிலையை உடைக்கும் தாண்டல் நடத்தப்படவில்லை. இருவருக்கும் தங்கம் வழங்கப்பட்டது. 3.58 மீட்டரில் நின்ற கனடாவின் எட் ஆர்ச்சிபால்ட், அமெரிக்காவின் சார்லஸ் ஜேகப்ஸ், ஸ்வீடனின் புரூனோ சோடர்ஸ்ட்ராம் மூவரும் வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். போதாக்குறைக்கு, அன்றைய சாதனையாளர் ட்ரே லண்டனில் தாண்டவே இல்லை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கில்பர்ட்டைத் தன் காலத்தின் தனிப்பெரும் தாண்டுவீரர் என்று சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். நெருங்கிய தரத்தில் பலர் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் இவர். நாம் இங்கே கேட்பது, அத்தனை பேரையும் ஒருசேர உயர்த்தியது எது என்பதைத்தான்.

மூங்கில்தான் உயர்த்தியது என்பவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. அமெரிக்கர்கள் பயன்படுத்திய மூங்கில் கோல்களில் பல ஜப்பானிலிருந்து வந்தவை. பொருளே உயரத்தைத் தருமானால், அந்தப் பொருள் விளையும் நாட்டவர் அல்லவா முதலில் உயர்ந்திருக்க வேண்டும்? ஆனால் ஜப்பானியர் ஒலிம்பிக் பதக்கத்தை எட்டியது 1932-இல்தான். சுஹெய் நிஷிடா லாஸ் ஏஞ்சலஸில் 4.30 தாண்டி வெள்ளி வென்றார். 1936-இல் அவரும் சூயெவோ ஓயெவும் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார்கள். இடையில் வந்து சேர்ந்தவை ஓட்டப் பயிற்சியும் கைசேர்ப்பும் ஊசலாட்டமும். மூங்கில் முன்பே இருந்தது. இன்னும் வலுவான சான்று கார்னீலியஸ் வார்மர்டாம். 1940-இல் மூங்கில் கோலுடன் 15 அடியைத் தாண்டிய முதல் மனிதர் அவர். 1942-இல் அதே மூங்கிலோடு 4.77 மீட்டர் தாண்டினார். கில்பர்ட்டின் உயரத்தைவிட இது 92 சென்டிமீட்டர் அதிகம். கோலின் பொருள் மாறவில்லை. 1951 வரை வேறெவராலும் 15 அடியைத் தாண்ட முடியவில்லை. எல்லோர் கையிலும் இருந்த பொருள் ஒருவரை மட்டும் உயர்த்தியது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எதிர்வாதம் இத்தோடு ஓய்ந்துவிடாது. அதனிடம் இதைவிடக் கூர்மையான ஆயுதம் இருக்கிறது. வார்மர்டாமின் 4.77 பதினைந்து ஆண்டுகள் நின்றது. உலோகக் கோல்களோடு 1960-இல் டான் பிராக் அதை 4.80 வரை மட்டுமே உயர்த்தினார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் டேவிஸ் கண்ணாடியிழைக் கோலோடு 4.83 தாண்டினார், 1963-இல் பிரையன் ஸ்டெர்ன்பர்க் 5 மீட்டரை எட்டினார், 1964-இல் ஃபிரெட் ஹான்சன் 5.28. பதினெட்டு ஆண்டுகளில் 3 சென்டிமீட்டர், பிறகு நான்கே ஆண்டுகளில் 48. இங்கே பொருளின் பங்கு மறுக்க முடியாதது. மறுக்க முயல்வதும் தவறு. ஆனால் அந்தக் கோல் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். 1956-இல் மெல்பர்னில் கிரேக்கத்தின் கியோர்கியோஸ் ரூபானிஸ் கண்ணாடியிழைக் கோலோடுதான் வெண்கலம் வென்றார். கோல் கையிலிருந்தும் சாதனை வர ஐந்து ஆண்டுகள் ஆயின. வளையும் கோலுக்கு விறைத்த கோலின் பாடங்கள் உதவவில்லை. கைகளைச் சேர்க்காமல் அகலப் பிடித்து, வளைவை எதிர்த்துத் தாங்கி, அது நிமிரும்வரை காத்திருந்து எழ வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை தன் உடலை மறுபடியும் பழக்க வேண்டியதாயிற்று. நல்ல வீணை வித்வானை உருவாக்காது, வித்வானுக்கு இடம் கொடுக்கும்; அதைப் போலத்தான் புதிய கோலும். அது எல்லையைத் தள்ளிவைத்தது. அந்த எல்லைவரை போவதற்கான வழியைக் கண்டவர்கள் மனிதர்கள்.

கில்பர்ட்டைப் பற்றிய சான்றுகளின் தன்மையையும் பேச வேண்டும். மூங்கிலையும் ஊன்றுபெட்டியையும் பற்றி அவர் பேரால் வழங்கும் பல செய்திகளுக்கு மூலம் 1954-இல் வெளியான அவருடைய சுயசரிதை. லண்டன் போட்டி முடிந்து 46 ஆண்டுகள் கழித்து, வெற்றிகண்ட தொழிலதிபராகத் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சொன்ன கதை அது. மேடையில் வித்தை காட்டிய அனுபவமும் விளம்பரக் கலையில் தேர்ச்சியும் உள்ளவரின் நினைவுகள் தன்னை நடுவில் நிறுத்தும் என்பதை வரலாற்று வாசகர் மறக்கக் கூடாது. குழி தோண்டுவது அமெரிக்கத் தாண்டுவீரர்களின் பொது வழக்கமாக இருந்தது; மூங்கிலைக் கையாண்டவர்களும் பலர். ஆகவே ஊன்றுபெட்டியை முதலில் பதித்தவர் இவர்தான் என்பதை இந்த வாதத்துக்கு நான் அடிப்படையாக்கவில்லை. அந்தப் பெருமை வேறு ஒருவருக்குப் போனாலும் என் வாதம் நிற்கும். சொல்லப்போனால் அது இன்னும் உறுதிப்படும்: கருவியைச் சிந்திப்பது ஒரு தனிமேதையின் விசித்திர குணம் அல்ல, அந்தத் தலைமுறை முழுவதும் பகிர்ந்துகொண்ட ஆட்டத்திறன் என்றாகும்.

அப்படியானால் உடலுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். பெரிய இடம்தான். இளம்வயதிலேயே தொடர்ந்து 39 முறை கம்பியில் தொங்கி முகவாய்வரை உடலை இழுத்துயர்த்திப் பெயர் பெற்றவர் கில்பர்ட். ஜிம்னாஸ்டிக்ஸும் மல்யுத்தமும் பழகிய தோள்கள் அவருடையவை. அந்தத் தோள்கள் இல்லாமல் எந்தக் குழியும் எந்த மூங்கிலும் அவரை 12 அடிக்கு மேல் எழுப்பியிருக்காது. ஆனால் அதே வலிமை உள்ளவர்கள் டாம் ரேயின் காலத்திலும் இருந்தார்கள். கோலில் கைமேல் கை மாற்றி ஏறியவர்களின் புயங்கள் எவருக்கும் குறைந்தவை அல்ல. அவர்களுக்கும் கில்பர்ட் தலைமுறைக்கும் உள்ள வேறுபாடு தசையில் இல்லை. வேகத்தை எங்கே இழக்கிறோம் என்று கண்டுபிடித்து அந்த இழப்பை அடைக்க முனைந்ததில் இருக்கிறது. பின்னாளில் ரயில் பாதை மின்மயமாகும்போது எழுந்த எஃகுச் சட்டங்களைப் பார்த்துப் பிள்ளைகளுக்கான கட்டுமானப் பெட்டியை அவர் கற்பனை செய்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு பொருள் எங்கே தாங்குகிறது, எங்கே வளைகிறது, எங்கே பிடிப்பு வேண்டும் என்ற கேள்விகள் இரண்டு வேலைகளுக்கும் பொது. அவர் யேல் மாணவர்களுக்குத் தாண்டல் கற்றுக்கொடுத்தவரும் கூட. அந்த யேலிலிருந்து வந்த சேபின் கார் 1927-இல் 14 அடியைத் தாண்டிய முதல்வரானார். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் 4.20 தாண்டித் தங்கம் பெற்றவரும் அவரே. ஒருவர் கண்டறிந்தது இன்னொருவரிடம் போய்ச் சேரும்போதுதான் அது திறன் என்று நிரூபணமாகிறது. கருவியை மட்டும் நம்பிய உயரம் என்றால் கற்பிக்க என்ன இருந்திருக்கும்?

இதையெல்லாம் ஒப்புக்கொண்டால் எந்தக் கருவியையும் அனுமதிக்கலாம் என்றாகிவிடாதா? இதுதான் கடைசி ஆட்சேபம், எல்லாவற்றிலும் தீவிரமானது. என் பதில், இல்லை என்பதே. இரண்டு கேள்விகளால் அளந்து பார்க்கலாம். அந்தக் கருவி போட்டியிடும் எல்லோருக்கும் எட்டக்கூடியதா? அதைப் பயன்படுத்த வீரர் புதிதாக ஏதேனும் கற்றாக வேண்டுமா? கில்பர்ட்டின் குழிக்கு ஒரு மண்வெட்டி போதும். அதை நம்பி முழுவேகத்தில் ஓடிவருவதற்கோ ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். இரண்டு சோதனைகளிலும் அது தேறுகிறது. மூங்கிலும் தேறுகிறது. 1972-இல் மியூனிக்கில் நடந்தது வேறு. புதிய வகைக் கண்ணாடியிழைக் கோல்கள் எல்லோருக்கும் முன்கூட்டிக் கிடைக்கவில்லை என்று காரணம் காட்டி அதிகாரிகள் தடை விதித்தார்கள், விலக்கினார்கள், போட்டி நெருங்கிய நேரத்தில் மீண்டும் விதித்தார்கள். அமெரிக்காவின் பாப் சீக்ரன் பழக்கமில்லாத கோலோடு தாண்டி வெள்ளியோடு திரும்ப, கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் நோர்ட்விக் தங்கம் வென்றார். 1896-இல் நவீன ஒலிம்பிக் தொடங்கியது முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் இந்தப் போட்டியின் தங்கத்தை விடாமல் பெற்றுவந்த அமெரிக்காவின் வரிசை அன்று அறுந்தது. எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற காரணம் சரியானது. அதைக் கடைசி நேரத்தில் செயல்படுத்திய விதம் தவறு. ஏனென்றால் கோலைப் பறிக்கும்போது அந்தக் கோலோடு சேர்ந்து உடல் கற்ற பாடங்களையும் அதிகாரிகள் பறித்துவிட்டார்கள். லண்டனில் குழியை மறுத்தவர்கள் காணத் தவறியதும் இதையே.

ஆகவே 3.85 மீட்டர் யாருடைய உயரம் என்ற கேள்விக்கு விடை சொல்லலாம். அது கில்பர்ட்டின் உயரம், ஐயமில்லாமல். குழியையும் மூங்கிலையும் கழித்துவிட்டு மீதியை மட்டும் அவர் கணக்கில் வைப்பது, ஓட்டப்பந்தய வீரரின் கணக்கிலிருந்து தரையைக் கழிப்பதற்குச் சமம். அவருடைய சாதனை ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை, தங்கம் பகிர்ந்துகொண்டது, புகழ் வேறு தொழிலுக்குப் போயிற்று. ஆனால் உடலால் மட்டுமோ கருவியால் மட்டுமோ எட்ட முடியாத உயரத்தை இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பழகினால் எட்டலாம் என்று காட்டிய தலைமுறையில் அவருக்கு உறுதியான இடம் உண்டு. அந்தத் தலைமுறை விட்டுச்சென்ற மூங்கிலைக் கையிலெடுத்து, போட்டியாளரே இல்லாத உயரத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் தனித்து நின்ற வார்மர்டாம் அதை எப்படிச் செய்தார், உலகப் போர் அவரிடமிருந்து எதைப் பறித்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)